பட்டனை நாம் அழுத்துகிறோம், ஆக்ஸிலேட்டரை அவர் முறுக்குகிறார்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வீடுகளில், முதல் சில வாரங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி தான் கழிகின்றன. ஈமெயில் முகவரி ஒன்று உருவாக்கப்படும். வெளியூரில் உள்ள மகனிடமோ மகளிடமோ வீடியோவில் பேசிப் பார்ப்போம். மின் கட்டணத்தை வரிசையில் நிற்காமல் கட்டி மகிழ்வோம். அடுத்த படி, ஏதேனும் ஒரு பொருளை ஆன்லைனில் வாங்குவது. படத்தைப் பார்த்து, கிளிக் செய்து, பணம் செலுத்தியவுடன் திரையில் ஒரு எண் வருகிறது. இத்தனை நிமிடங்களில் பொருள் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் என்று அது சொல்கிறது. உணவோ மளிகையோ ஆர்டர் செய்தால் அந்த எண் குறைந்து கொண்டே வருவதையும், வரைபடத்தில் சிறு மோட்டார் சைக்கிள் படம் ஒன்று நம் தெருவை நோக்கி நகர்வதையும் பார்க்கலாம்.

அந்தச் சிறு படத்திற்குப் பின்னால் ஒரு மனிதர் உண்மையான வண்டியில், உண்மையான சாலையில் வந்து கொண்டிருக்கிறார். திரையில் தெரியும் எண்ணுக்கும் அவர் வண்டியின் வேகத்திற்கும் என்ன தொடர்பு என்பதைக் கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். மவுஸ் பிடிக்கப் பழகுவதைப் போல இதுவும் ஓர் அடிப்படைப் பாடம் தான்.

வண்டியும் இங்கே, போனும் இங்கே

இதைப் பேச ஓசூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. இரண்டு பேர் அமர்ந்து செல்லக் கூடிய டிவிஎஸ் 50 மொபெட், 1980ல் ஓசூர் தொழிற்சாலையில் இருந்து தான் வெளிவந்தது. இன்றும் டிவிஎஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை இங்கே இயங்குகிறது. ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் இதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன. ஐபோனின் பாகங்களைச் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ஓசூருக்கு அருகில் தான் உள்ளது. டெலிவரி ஊழியர் ஒருவருக்கு வேண்டிய இரண்டு கருவிகள் வண்டியும் போனும். இரண்டையுமே கிருஷ்ணகிரி மாவட்டம் செய்து தருகிறது.

மூன்றாவதாக வேண்டியது சாலை. பெங்களூருவில் இருந்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி வழியே தமிழ்நாட்டிற்குள் நுழையும் தேசிய நெடுஞ்சாலை 44, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று சென்று சேலம் நோக்கிப் போகிறது. கிருஷ்ணகிரியில் சென்னை செல்லும் சாலை பிரிகிறது. வடக்கே இருந்தும் கிழக்குத் துறைமுகங்களில் இருந்தும் வரும் லாரிகளும், ஷிப்டு மாறும் நேரத்தில் சிப்காட் ஆலைகளின் பஸ்களும், உள்ளூர் மக்களின் இரு சக்கர வாகனங்களும் இதே சாலையில் தான் கலக்கின்றன. சாலையின் ஒரு பக்கம் ஓட்டலும் மறுபக்கம் வீடும் இருந்தால், முறைப்படி சென்று திரும்பி வர சில கிலோமீட்டர் கூடும். சர்வீஸ் சாலையில் எதிர்த் திசையில் வந்தால் இரண்டே நிமிடம். நேரம் துரத்தும் போது மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

கம்ப்யூட்டர் எதை எண்ணுகிறது?

இங்கே தான் நம் பத்திரிகைக்குரிய விஷயம் வருகிறது. கம்ப்யூட்டர் தானாகச் சிந்திப்பதில்லை. எதை எண்ணச் சொல்கிறோமோ அதை எண்ணும் என்பது நாம் முதலில் கற்கும் பாடம். டெலிவரி நிறுவனங்களின் சர்வரில் இயங்கும் புரோகிராம்களும் அப்படித்தான்.

நீங்கள் ஆர்டர் செய்தவுடன், அருகில் உள்ள ஊழியர்களின் போன்களில் இருந்து ஜிபிஎஸ் மூலம் அவர்கள் இருப்பிடம் பெறப்படுகிறது. யாருக்கு வேலையைத் தருவது என்று புரோகிராம் முடிவு செய்கிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு பெரும்பாலும் முந்தைய பயணங்களின் பதிவுகளில் இருந்து வருகிறது. ஊதியம் மாதச் சம்பளமாக இல்லாமல், ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு என்றும், குறிப்பிட்ட எண்ணிக்கையை முடித்தால் ஊக்கத் தொகை என்றும் தரப்படுகிறது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. அபராதத்திற்கோ, குறைந்த மதிப்பெண்ணுக்கோ, கை நழுவும் ஊக்கத் தொகைக்கோ பயந்து ஊழியர்கள் விரைந்து ஓட்டுகிறார்கள். அந்த வேகமான பயணம் சர்வரில் பதிவாகிறது. இந்தத் தூரத்தை இவ்வளவு சீக்கிரம் கடக்க முடியும் என்று புரோகிராம் கற்றுக் கொள்கிறது. அடுத்த ஊழியருக்கு அதைவிடக் குறைந்த நேரம் தரப்படுகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்றதால் கிடைத்த இரண்டு நிமிடம், அடுத்தவருக்கு விதியாகி விடுகிறது.

இது வெறும் கற்பனை அல்ல. சீனாவில் வெளியாகும் ரென்வூ என்ற இதழ், 2020 செப்டம்பரில் டெலிவரி ஊழியர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 3 கிலோமீட்டர் தூர டெலிவரிக்கு அதிகபட்ச நேரம் 2016ல் 60 நிமிடமாகவும், 2017ல் 45 நிமிடமாகவும், 2018ல் 38 நிமிடமாகவும் குறைந்ததாக அது விவரித்தது. நாடு முழுவதும் பெரிய விவாதம் எழுந்தது. உடனே எல.மா என்ற நிறுவனம், கூடுதலாக 5 அல்லது 10 நிமிடம் காத்திருக்கச் சம்மதம் என்று வாடிக்கையாளர் அழுத்துவதற்கு ஒரு பட்டன் தருவதாக அறிவித்தது. மெய்த்துவான் நிறுவனம் 8 நிமிடம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. விதியை எழுதியது நிறுவனம், விட்டுக் கொடுக்க வேண்டியது மட்டும் வாடிக்கையாளரா என்று மக்கள் கேட்டனர். நியாயமான கேள்வி.

பத்து நிமிடம் என்ற வாக்குறுதி

நேரத்தை விளம்பரமாக்குவது பழைய வழக்கம். அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனம், 30 நிமிடத்தில் பீட்சா வராவிட்டால் இலவசம் என்று 1980களில் அறிவித்திருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் 1989ல், அந்த நிறுவனத்தின் டெலிவரி வாகனம் சிவப்பு விளக்கை மீறி வந்து மோதியதில் பெண் ஒருவர் காயமடைந்தார். 1993 டிசம்பரில் ஜூரிகள் அவருக்கு 7 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். அதே மாதம் அமெரிக்காவில் அந்த வாக்குறுதி கைவிடப்பட்டது. தென் கொரியாவில், இளம் டெலிவரி ஊழியர்களின் மரணங்களுக்குப் பின் எழுந்த எதிர்ப்பால் 2011ல் அங்கும் டோமினோஸ் அதை நிறுத்தியது.

நம் நாட்டில் இது 2021க்குப் பிறகு 10 நிமிடமாகச் சுருங்கியது. 2022 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் 10 நிமிடத்தில் உணவு என்று அறிவித்த போது, சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட பலர் எதிர்த்தனர். 2025 டிசம்பர் 25 மற்றும் 31 தேதிகளில் டெலிவரி ஊழியர்கள் நடத்திய வேலை நிறுத்தங்களில், 10 நிமிட டெலிவரியை நிறுத்த வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அதன் பின், 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களுடன் பேசினார். பிளிங்கிட் தன் விளம்பரத்தில் இருந்து 10 நிமிடம் என்ற வாசகத்தை நீக்கியது.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு பதில் உண்டு. கிடங்கு உங்கள் வீட்டிற்கு மிக அருகில் இருப்பதால் தான் பொருள் சீக்கிரம் வருகிறது. ஊழியர் வேகமாக ஓட்டுவதால் அல்ல என்பது அவர்கள் வாதம். இரண்டு கிலோமீட்டருக்குள் கிடங்கு இருக்கும் நகர்ப் பகுதிக்கு இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஊதியம் ஆர்டர் எண்ணிக்கையில் அடங்கியிருக்கும் வரை, கிடங்கு அருகில் இருந்தாலும் அவசரம் குறையாது. ஒரு நாளில் 20 ஆர்டர் முடித்தால் தான் கணிசமான தொகை கிடைக்கும் என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கத் தான் அவர் பார்ப்பார். விளம்பரத்தில் இருந்து எண்ணை நீக்குவது நல்ல தொடக்கம். அந்த எண் சர்வரில் இருந்தும் ஊதியக் கணக்கில் இருந்தும் நீங்கியதா என்பது தான் முக்கியம்.

மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

கால்குலேட்டர் புரோகிராமைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். ஓட்டலில் இருந்து வீடு 3 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 6 நிமிடம். 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 4 நிமிடம். மிச்சம் இரண்டே நிமிடம். ஆனால் மோதும் போது வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். 30ல் இருந்து 45க்குச் சென்றால் அது இரண்டேகால் மடங்காகிறது. 60க்குச் சென்றால் மிச்சம் மூன்று நிமிடம். மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இரண்டு மூன்று நிமிடம் முன்னால் வந்த பிரியாணி எந்த வகையில் கூடுதல் சுவையாக இருந்து விடும்?

போனையும் கணக்கில் சேருங்கள். வழி பார்ப்பதற்கும், அடுத்த ஆர்டரை ஏற்பதற்கும், வாடிக்கையாளர் அழைத்தால் பேசுவதற்கும் வண்டியின் கைப்பிடியில் பொருத்திய போன் தான் அவருக்கு எல்லாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் நகர்கிறது. திரையை இரண்டு விநாடி பார்த்தால், 22 மீட்டர் தூரம் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டியதற்குச் சமம். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் இது விளையாட்டல்ல.

எண்ணப்படாத கணக்கு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் என்று 50,029 பேர் குறிப்பிடப்பட்டுள்ளனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டிற்குத் தான்: 64,105 விபத்துகள்.

இவர்களில் எத்தனை பேர் டெலிவரிக்குச் சென்று கொண்டிருந்தவர்கள்? வாகன வகை, வயது, ஆண் பெண், சாலை வகை எனப் பல பட்டியல்கள் அந்த அறிக்கையில் உள்ளன. டெலிவரி ஊழியர்களுக்கென்று தனிக் கணக்கு இல்லை. நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கை, இது போன்ற இணைய வழிப் பணிகளில் 2020–21ல் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029–30ல் 2 கோடியே 35 லட்சம் பேர் இருப்பர் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேர் செய்யும் வேலையில் எத்தனை உயிர் போகிறது என்று நாடு தனியாக எண்ணவில்லை.

நிறுவனத்தின் சர்வரிலோ பொருள் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்று துல்லியமாகப் பதிவாகிறது. ஊழியர் எந்தத் தெருவில், எந்த விநாடியில் இருந்தார் என்பதும் பதிவாகிறது. ஒரு சாலையில் வண்டி எந்த வேகத்தில் சென்றது, திடீரென எங்கே நின்றது என்பதையும் இதே ஜிபிஎஸ் தகவலில் இருந்து கணக்கிட முடியும். நிமிடத்தை எண்ணத் தெரிந்த புரோகிராமுக்குக் காயத்தை எண்ணத் தெரியாமல் இல்லை. யாரும் அதை எண்ணச் சொல்லவில்லை, அவ்வளவு தான்.

அரசிடமும் கருவி இருக்கிறது. ஐஐடி சென்னையும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய விபத்துத் தகவல் தொகுப்பில், போலீசார் விபத்து விவரங்களை மொபைல் மூலமே பதிவு செய்கின்றனர். விபத்தின் போது அவர் டெலிவரிப் பணியில் இருந்தாரா, எந்த நிறுவனத்திற்காக என்ற விவரமும் கட்டாயமாகப் பெறப்பட்டு, ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடப்பட வேண்டும். அப்போது தான் நிறுவனங்கள் பதில் சொல்லும் நிலை வரும்.

ஒரே சாலை, இரண்டு சட்டம்

எல்லைப் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஓசூரில் குடியிருந்து கொண்டு, அத்திப்பள்ளி பக்கம் வேலை எடுப்பவருக்கு போன் ஒன்று தான், ஆப் ஒன்று தான். ஆனால் எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. கர்நாடகம் 2025ல் இணைய வழிப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்திலும் நல நிதிக்குக் கட்டணம் பெற அது வழி செய்கிறது. வேலை ஒதுக்கீட்டிலும் மதிப்பெண்ணிலும் புரோகிராம் எப்படி முடிவு எடுக்கிறது என்பதை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025–26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. நல்லது தான். ஆனால் ஸ்கூட்டர் தருவதும் அதை ஓட்டும் வேகத்தைத் தீர்மானிக்கும் புரோகிராமைக் கேள்வி கேட்பதும் வேறு வேறு. இரண்டாவது வேலைக்குத் தமிழ்நாட்டிற்கும் ஒரு சட்டம் தேவை. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அதுவும் நல உதவிகளுக்குத் தான் பயன்படும். அடிபடாமல் தடுப்பது தனி வேலை.

நாம் செய்யக் கூடியவை

விதியை எழுதுவது நிறுவனம் என்பதால், பொறுப்பும் முதலில் அதனுடையது தான். அதற்காக நாம் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் முன் அமர்ந்தபடியே சிலவற்றைச் செய்திடலாம்.

முதலாவது, முகவரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் பொதுவாக ஜிபிஎஸ் இருப்பதில்லை. இன்டர்நெட் இணைப்பை வைத்தே பிரவுசர் உங்கள் இருப்பிடத்தை ஊகிக்கிறது. ஓசூரில் அமர்ந்திருப்பவரை அது பெங்களூருவில் இருப்பதாகக் கூடக் காட்டலாம். எனவே தானாக வரும் இருப்பிடத்தை அப்படியே ஏற்க வேண்டாம். வரைபடத்தைப் பெரிதாக்கி, குறியை இழுத்து வந்து சரியாக உங்கள் வாசலில், நெடுஞ்சாலை என்றால் சரியான பக்கத்தில் வைத்திடுங்கள்.

இரண்டாவது, வழிக் குறிப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நான்கு மொழி பேசுவோரும் வாழும் ஊர் இது. வரும் ஊழியர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். கதவு எண், மாடி, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகியவற்றை அதற்கான கட்டத்தில் முன்னரே எளிமையாக எழுதி வையுங்கள். அப்படிச் செய்தால் வழி கேட்டு அவர் போனை எடுக்க வேண்டியிருக்காது. அவர் வண்டியில் வரும் போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க அழைக்க வேண்டாம். வரைபடம் தான் காட்டுகிறதே.

மூன்றாவது, நட்சத்திர மதிப்பெண். ஓட்டலில் சமையல் தாமதமாகி இருக்கலாம். ரயில்வே கேட் மூடியிருக்கலாம். ஓட்டலுக்கும் ஊழியருக்கும் தனித்தனியாக மதிப்பெண் தரும் வசதியைப் பயன்படுத்துங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்திற்காக ஊழியரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நீங்கள் தரும் ஒரு நட்சத்திரமும் அந்தப் புரோகிராமுக்குச் செல்லும் தகவல் தான்.

நான்காவது, ஆர்டர் செய்யும் நேரம். பசி வந்த பின் ஆர்டர் செய்தால் ஒவ்வொரு நிமிடமும் நீளும். அரை மணி முன்னதாகச் செய்திடலாம். பிறகு எடுத்து வா என்று நேரம் குறிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மழை நாளில் ஆர்டரே செய்யக் கூடாது என்று சொல்ல மாட்டோம்; ஆர்டர் இல்லை என்றால் அவருக்கு அன்று வருமானம் இல்லை. ஆனால் கேட் வரை இறங்கி வந்து வாங்கிக் கொள்ளலாம். பொறுமையாக வாருங்கள் என்று ஒரு வரி செய்தி அனுப்பலாம்.

ஐந்தாவது, உங்கள் கம்ப்யூட்டரையே உதவியாகத் தருவது. உங்கள் தெருவிலும் இந்த வேலை செய்யும் தம்பி ஒருவர் இருப்பார். 2021ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் அவர் பெயரைப் பதிவு செய்ய, ஆதார் எண்ணும், ஆதாருடன் இணைத்த மொபைல் எண்ணும், வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் போதும். அவரை அருகில் அமர்த்திக் கொண்டு பதிவு செய்து, வரும் அட்டையை அச்சிட்டுத் தாருங்கள். வேலை முடிந்ததும் அவர் விவரங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் தங்காமல் அழித்து விடவும்.

ஆறாவது, விபத்து நேர்ந்தால். 108க்கு அழையுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். வெளி மாநில இளைஞர்கள் ஏராளமாக வேலை செய்யும் இந்த மாவட்டத்தில் இது பலருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

ஹெல்மெட் அணிவதும், எதிர்த் திசையில் வராமல் இருப்பதும் ஊழியரின் கடமை தான். அதில் சலுகை கேட்கவில்லை. ஆனால் விதியை மதித்து ஓட்டுபவர் குறைவாகச் சம்பாதிப்பார், மீறுபவர் கூடுதலாகச் சம்பாதிப்பார் என்று ஒரு புரோகிராம் எழுதப்பட்டிருந்தால், அறிவுரையை ஊழியருக்கு மட்டும் சொல்வது எப்படி நியாயம்? காத்திருக்கும் நேரத்திற்கும் ஊதியம், முறைப்படியான வழியின் தூரத்திற்கு ஏற்ற நேரம், தாமதத்திற்குத் தண்டனை இல்லை என்ற உறுதி, விபத்துகளின் எண்ணிக்கையை வெளியிடுதல் ஆகிய நான்கையும் நிறுவனங்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் வாடிக்கையாளர் கருத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. அங்கே தாமதத்தைப் பற்றி எழுதியவர்கள் தான் இதுவரை அதிகம். அடுத்த முறை ஆர்டர் செய்யும் போது, எனக்கு அவசரம் இல்லை, வருபவர் பத்திரமாக வரட்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.